குட்டி பெருக்கும் மரபணு: கலப்புச் செம்மறி பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் இருந்துகொண்டு புத்தளத்திலும் வவுனியாவிலும் செம்மறி வளர்ப்பவர்கள் கேட்டவை.

வத்தளை: அண்ணா, புத்தளத்தில 40 மறி (பெண் செம்மறி) நிக்குது. எல்லாம் ஒற்றைக் குட்டிதான். குட்டி பெருக்கும் ஃபெக்-பி மரபணு உள்ள கடா விட்டால் இரட்டை போடுமா?

இந்த மறிகள் போடாது. எத்தனை முட்டை வெளிவரும் என்பதைத் தாயின் சூலகம்தான் தீர்மானிக்கும். கடாவுக்கு அதில் வேலையில்லை. பலன் கடாவின் மகள்களில்தான் தெரியும். சினைக்காலம் ஐந்து மாதம், மகள் வளர்ந்து கடா சேரும் பருவமாக ஒரு வருடம், பிறகு அவளது சினை என்று ஏறத்தாழ இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கடா விற்பவர்களிடம் கவனம்.

தெஹிவளை: ஒரு பிரதி நல்லதா, இரண்டா?

ஒன்று போதும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒரு மரபணு இரண்டு பிரதி வரை வரலாம். இந்த மரபணு உள்ள பூரூலா மெரினோ என்ற அவுஸ்திரேலியச் செம்மறியில் ஒரு பிரதி முட்டை எண்ணிக்கையை ஏறத்தாழ 1.5 கூட்டும், இரண்டு பிரதி 3 கூட்டும். பிறக்கும் குட்டிகளோ முறையே 1, 1.5 அளவில்தான் கூடும். மிச்ச முட்டைகள் கருப்பையிலேயே வீணாகும்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பால் மறக்கும்போது ஒற்றைக் குட்டி 12 கிலோ, இரட்டை தலா 9, ஆக 18. மூன்று பிறந்து ஒன்று செத்து, மிஞ்சியவை தலா 7 என்றால் 14தான். பிறப்பு எண்ணிக்கையைப் பார்த்து மகிழாதீர்கள். மறிக்கு எத்தனை கிலோ பால் மறந்த குட்டி என்பதே வருமானம்.

ஆகவே இரண்டு பிரதிக் கடாவைச் சாதாரண மறிகளோடு சேருங்கள்: குட்டிகள் அனைத்துக்கும் ஒரு பிரதி வரும். அந்த மகள்களை மரபணு இல்லாத, உடல் பெருத்த கடாவுக்கு விடுங்கள். அண்ணன் தங்கையைச் சேரவிட்டால் நெருங்கிய இரத்தம் சேர்வதால் வரும் கேட்டோடு, நாலில் ஒன்று இரண்டு பிரதியோடு பிறக்கும்.

கொட்டாஞ்சேனை: பார்த்துச் சொல்ல முடியாதா, டொக்டர்? சோதனை கட்டாயமா?

கடாவில் வெளியே ஒன்றும் தெரியாது. மறியும் ஒருமுறை இரட்டை போட்டதால் மரபணு உண்டென்று ஆகாது. நல்ல தீனியும் இரட்டை தரும். இரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் இரத்தம் எடுத்து, காதுப் பட்டி எண்ணை எழுதி, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். குழாய் மாறினால் தலைமுறையே பிழையாகிவிடும்.

வெள்ளவத்தை: கரோல் ஆடு கலந்தால் உருவம் சிறுக்காதா?

சிறுக்கும். ஃபெக்-பி மரபணுவின் பிறப்பிடம் வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல்தான்; அது குள்ள இனம். முதற்கலப்பில் பாதி கரோல். பெரிய இனத்துக்கே திருப்பித் திருப்பிக் கலந்தால் 25, 12.5 வீதம் என்று குறையும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிக் குட்டிக்கு மரபணு வராமல் போய்விடுவதால் சோதித்தே தெரிந்தெடுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் பல்தானில் தக்காணி இனத்தோடு கலந்து நாரி சுவர்ணா உருவானதும் இப்படித்தான்.

வெளிநாட்டு ஆடோ விந்தோ கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள், பணம் பிறகு.

மருதானை: நியூசிலாந்து இன்வர்டேல் பற்றி?

சிறு மந்தைக்கு வேண்டாம். அதுவும் குட்டி பெருக்கும் மரபணுதான், ஆனால் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. கடா தன் எல்லா மகள்களுக்கும் கொடுக்கும், மகன்களுக்குக் கொடுக்காது. ஒரு பிரதி பெற்ற மறி நன்றாகக் குட்டி போடும். இரண்டு பெற்றால் சூலகமே வளராது, மலடு. இன்வர்டேல் கடாவை அதன் மரபணு உள்ள மறிக்கே விட்டால் பெண் குட்டிகளில் பாதி மலடாகும்.

கொலன்னாவ: சினை மறி கடைசி மாதத்தில் தீனி விட்டு, பல் நெரித்து, படுத்துச் செத்தது. மூன்று குட்டி வயிற்றில்.

அறிகுறி சினை நச்சுநிலையை, அதாவது வயிற்றுக் குட்டிகளுக்குத் தீனி போதாமல் தாய்க்கு வரும் நோயை, ஒத்திருக்கிறது. கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில். அப்போது குட்டிகள் வயிற்றை அடைப்பதால் புல் போதாது. சினையின் 45 முதல் 90 நாளுக்குள் ஸ்கேன் செய்து, பல குட்டி உள்ளவற்றைப் பிரித்து, தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் படிப்படியாகக் கூட்டுங்கள். கோழித் தீனி வேண்டாம், அதிலுள்ள செம்பு செம்மறியைக் கொல்லும். சோர்வு தொடங்கிய அன்றே புரொப்பிலீன் கிளைகோல் 60 மில்லிலீற்றர், நாளுக்கு இருமுறை வாய்வழி, கூடவே மிருக வைத்தியர். படுத்தபின் பிழைப்பது அரிது.

மூன்று பிறந்தால் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் தொடங்கி, உடல் நிறை கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் வீதம், நாளில் நாலு தரம். மூன்றாவதைப் போத்தலிலோ ஒற்றைக் குட்டி ஈன்ற மறியிடமோ விடுங்கள். தாய்க்கு முலைக்காம்பு இரண்டுதான்.