தந்தம் வேண்டாம், தாகுவா இருக்கு: வாசகர் கேள்வி பதில்

மேடம், நான் மரத்துல சின்னச் சின்ன பென்டன்ட் செதுக்கி விக்கிறேன். தந்தக் கலர்ல மயில் வேணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. ரெசின்ல ஊத்திப் பாத்தேன், பிளாஸ்டிக் பொம்மையாத்தான் தெரியுது. வேற என்ன இருக்கு?
- வாசகி, கோயம்புத்தூர்

தாகுவா கொட்டை வாங்கிப் பாருங்க, உங்க வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. எக்வடார், கொலம்பியா பக்கத்து மழைக்காட்டுல வளர்ற ஒரு பனையோட விதை, நம்ம நுங்கு மாதிரிதான் பிஞ்சுல தண்ணியா இருக்கும், அப்புறம் வழுவழுன்னு ஆகும், முத்திக் காய்ஞ்சா அரம் போட்டுத் தேய்க்குற அளவுக்கு இறுகிடும். பிளாஸ்டிக் வர்றதுக்கு முன்னாடி ஐரோப்பா, அமெரிக்காவுல சட்டை பட்டனுக்கே இதைத்தான் அறுத்தாங்க. கீழ விழுந்த கொட்டையைப் பொறுக்குனா போதும், மரத்தை வெட்ட வேண்டியதில்ல, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கொட்டை பெரும்பாலும் கோழி முட்டை சைஸ்தான், நடுவுல ஒரு பொந்தோ விரிசலோ இருக்கும். அதனால முதல்ல டிசைன் வரையாதீங்க, ரம்பப் பிளேடால ஒரு பக்கம் அறுத்துட்டு பொந்து எங்க ஓடுதுன்னு பாத்துட்டு அப்புறம் மயிலை வைங்க. உருண்டையா இருக்கறதால கையில பிடிச்சு அறுத்தா வழுக்கி விரல் போயிடும், வைஸ்ல (பொருளை இறுக்கிப் பிடிக்கற பட்டறைக் கருவி) ரப்பர் துண்டு வெச்சு இறுக்குங்க. மெஷின் பிட்டை வேகமா ஓட்டுனா சூடேறி கருகின வாசனை வரும், பழுப்புக் கறை விழும், நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க. மேல இருக்கற பழுப்புத் தோலை முழுசா சுரண்டிடாம மயிலோட முதுகுல மட்டும் கொஞ்சம் விட்டுப் பாருங்க, அந்த ரெண்டு கலரும் சேர்றப்போ அவ்வளவு அழகு! பாலிஷுக்கு 400-ம் நம்பர்ல ஆரம்பிச்சு 1500 வரைக்கும் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள் மாதிரிதான்), ஆனா தண்ணி தொடாம காய்ஞ்ச மாதிரியே தேய்ங்க, கொட்டை தண்ணியை இழுத்து உப்பும். கடைசியில மெழுகு தடவி துணியால தேய்ச்சா போதும். பழசு மாதிரி வேணும்னா மெழுகுக்கு முன்னாடி டீ டிகாக்‌ஷன்ல சட்டுன்னு முக்கி எடுத்துக் காய விடுங்க. வாங்கறவங்ககிட்ட குளிக்கும்போது கழட்டி வைக்கச் சொல்லுங்க, தந்தம்னு யாரும் சந்தேகப்படாம இருக்க பில்லுல மறக்காம தாகுவான்னே எழுதுங்க.

எருமை எலும்புல வளையல் தகடு பண்றேன். கொஞ்ச நாள்ல மஞ்சளாகி வாடை அடிக்குது. ஏன்?
- வாசகர், மதுரை

கொழுப்பு உள்ளயே தங்கிடுச்சு. சீக்கிரம் ஆகட்டும்னு கொதிக்க வெச்சிருப்பீங்க, அப்படிப் பண்ணா கொழுப்பு இன்னும் உள்ள போகும், எலும்பும் நொறுங்கும். மஜ்ஜையைச் சுரண்டிட்டு வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து ஊறப் போடுங்க, தண்ணி மேல எண்ணெய் மிதக்கறது நிக்கற வரைக்கும் மாத்திக்கிட்டே இருங்க. அப்புறம் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஹைட்ரஜன் பெராக்ஸைடுல போட்டு வெளுக்க வைங்க. பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், எலும்பை அரிச்சுடும். தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் இல்லாம உக்காராதீங்க. லென்ஸ் வெச்சுப் பாத்தா சின்னச் சின்னப் புள்ளி தெரியும், ரத்தம் ஓடுன குழாய் அது, அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்காதீங்க.

மேமத் தந்தம், அதாவது அழிஞ்சுபோன யானையோடது, அதனால சட்டப்படி சரின்னு ஆன்லைன்ல ஒருத்தர் சொல்றார். மோதிரத்துக்கு வாங்கலாமா?
- வாசகர், சேலம்

வாங்காதீங்க. வெளிநாட்டுத் தந்த வியாபாரத்துக்கு 1991-லயே நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திருத்தத்துல தடை போட்டாச்சு. மேமத்துக்கு அது பொருந்தாதுன்னு வியாபாரிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2003-ல சுப்ரீம் கோர்ட் எந்தத் தந்தமா இருந்தாலும் தடைதான்னு சொல்லிடுச்சு. மேமத்துங்கற பேர்ல இப்போ கொன்ன யானையோட தந்தத்தையும் தள்ளி விட முடியும், போட்டோவுல உங்களால கண்டுபிடிக்க முடியாது. தந்தத்துல மூணுல ஒரு பங்கு மண்டை ஓட்டுக்குள்ள இருக்குங்க, வேட்டைக்காரன் முழுசா எடுக்கணும்னா யானை செத்தாகணும். ஆர்டர் போட்டிருந்தா இன்னைக்கே கேன்சல் பண்ணிடுங்க, கஸ்டமர்கிட்ட ஒட்டக எலும்புத் தகடு பதிச்சுத் தர்றேன்னு ஒரு சாம்பிள் காட்டுங்க.