வயரைக் கழற்றுவதற்கு முன்: பொய் அலாரம் பற்றிக் குமரி மாவட்டத்தார் கேட்டவை

கன்னியாகுமரி, லாட்ஜ் மேலாளர்: அண்ணாச்சி, ஐயப்ப சீசன் தொடங்கினால் விடியக்காலம் 4 மணிக்குத் தீ அலாரம் அடிக்குது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒண்ணும் இல்லை. பையன்மார் ஹூட்டர் (சத்தம் போடும் கருவி) வயரையே கழற்றிப் போட்டுட்டாங்க. என்ன செய்ய?

பதில்: முதல்ல அந்த வயரை இன்னைக்கே மாட்டுங்க. ஆள் நிறைஞ்சு தூங்குற கட்டடத்தில் ஹூட்டர் ஊமையாக இருப்பதுதான் பெரிய ஆபத்து.

சூரிய உதயம் பார்க்க எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் வெந்நீர்க் குளியல் நடக்கும். ஆப்டிக்கல் ஸ்மோக் டிடெக்டருக்கு, அதாவது ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு, புகை வேறு, ஆவி வேறு என்று தெரியாது. உள்ளே ஒளி சிதறினால் அடித்துவிடும். பாத்ரூம் கதவைத் திறந்ததும் ஆவி நேராகப் போய் முட்டுகிற இடத்தில் டிடெக்டர் இருந்தால் நிச்சயம் அடிக்கும்.

அடுத்த முறை அடித்தால் உடனே ரீசெட் அழுத்தாதீர்கள். தீ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எந்த டிடெக்டரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறது என்று பாருங்கள். ரீசெட் போட்டால் அந்தத் தடயம் போய்விடும். பேனல் (அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) எந்த சோன், அதாவது கட்டடத்தின் எந்தப் பகுதி என்று மட்டும்தான் காட்டும், அறை எது என்று காட்டாது. அறை எண், நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே அறைகள் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிடெக்டர்களைக் கதவிலிருந்து கட்டில் பக்கம் தள்ளி வையுங்கள். ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும். சின்ன அறையில் தள்ள இடமில்லை என்றால் புகை, வெப்பம் இரண்டையும் பார்க்கும் மல்ட்டி சென்சார் போடலாம். படுக்கும் அறையில் ஸ்மோக் டிடெக்டரை எடுத்துவிட்டு வெறும் ஹீட் டிடெக்டர் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். சூடு ஏறி அது அடிக்கும் முன்பே தூங்குகிறவர் புகையில் மயங்கிவிடுவார்.

சாமிமார் கற்பூரம் கொளுத்தக் கீழே திறந்த முற்றத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

குளச்சல், மண்டபப் பராமரிப்பு: எங்களுக்கு மழைக்காலத்தில்தான் தொல்லை. நேரம் காலமே கிடையாது.

பதில்: நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கூடவே உப்புக்காற்று. சந்தேகப்பட வேண்டியவை இரண்டு.

ஒன்று பூச்சி. ஈசலும் எறும்பும் சீலிங்கில் உள்ள குழாய்த் துளை வழியாக டிடெக்டருக்குள் புகும். பேஸைக் கழற்றி, பின்னால் இருக்கும் துளையை சிலிகான் வைத்து அடையுங்கள். டிடெக்டரைச் சின்ன வேக்குவத்தாலும் மென்மையான பிரஷ்ஷாலும் சுத்தம் செய்யலாம். தண்ணீர் கூடாது. பூச்சி மருந்து ஸ்ப்ரே அடித்தால் அதுவே அலாரத்தைக் கிளப்பும், உள்ளே படலமும் படியும்.

இரண்டாவது ஈரம். சாதாரண கன்வென்ஷனல் பேனல், சோன் லைனில் கரண்ட் ஏறினால் தீ என்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சுவரில் இருக்கும் கால் பாயிண்டுக்குள் (கையால் அழுத்தி அலாரம் அடிக்கும் பெட்டி) தண்ணீர் இறங்கி இரண்டு வயருக்கும் பாலம் போட்டாலும் கரண்ட் ஏறும். கண்டுபிடிக்க: அந்த சோன் வயரைப் பேனலில் கழற்றி, லைன் கடைசியில் இருக்கும் ரெசிஸ்டர் மதிப்பிலேயே இன்னொன்றை அந்த டெர்மினலில் மாட்டுங்கள். பேனல் சாந்தமானால் கோளாறு வெளியே, லைனில் இருக்கிறது. லைனைப் பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடுங்கள். மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிப்பவர் வந்தால், டிடெக்டர்களையெல்லாம் கழற்றி, பேனலிலிருந்தும் பிரித்த பிறகே 500 வோல்ட் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையாக எல்லாம் போய்விடும். இது அடிக்கடி நடக்கிறது.

குலசேகரம், ரப்பர் தோட்டம்: ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் ஹீட் டிடெக்டர் வைத்தும் அடிக்கிறதே சார்?

பதில்: அதில் 57 டிகிரி என்று போட்டிருக்கும், பாருங்கள். புகைக்கூடமே 50 முதல் 60 டிகிரி வரை போகும், அப்புறம் அடிக்காமல் என்ன செய்யும்? உள்ளே இருக்கும் சூட்டுக்கு மேல் போதிய இடைவெளி உள்ள, 80 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ அடிக்கும் நிலையான வெப்பநிலை வகை வேண்டும். சூடு ஏறும் வேகத்தைப் பார்க்கும் வகை வேண்டாம், அடுப்பு மூட்டும்போதெல்லாம் கத்தும்.

நாகர்கோவில், வார்டு உறுப்பினர்: வெளிநாடுகளில் பொய் அலாரத்துக்கு அபராதமாமே. நம் மாநகராட்சியும் போடலாமா?

பதில்: அமெரிக்காவில் பல நகரங்களில் அலாரத்தைப் பதிவு செய்யணும். ஆண்டுக்குச் சில முறை வரை மன்னிப்பு, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஏறும். ஸ்காட்லாந்தில் 2023 ஜூலை 1 முதல், பெரும்பாலான வணிகக் கட்டடங்களில் தானியங்கி அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் தீயணைப்பு வண்டி போகாது, தீ என்று ஒருவர் உறுதி சொல்லணும். மருத்துவமனை, ஹோட்டல் போன்று ஆட்கள் தூங்கும் இடங்களுக்கு விலக்கு உண்டு.

இதை அப்படியே இங்கே கொண்டுவருவது தவறு. அங்கே அலாரம் பெரும்பாலும் கண்காணிப்பு மையம் வழியாகத் தீயணைப்புப் படைக்குப் போகிறது. இங்கே ஒருவர் 101 அடித்தால்தான் வண்டி கிளம்பும். அபராதம் என்று அறிவித்தால் லாட்ஜ்காரர் முதலில் ஹூட்டரைத்தான் துண்டிப்பார்.

அதற்குப் பதிலாக, லாட்ஜுக்கும் மண்டபத்துக்கும் உரிமம் புதுப்பிக்கும்போது அலாரப் பதிவேட்டைக் கேளுங்கள்: தேதி, சோன், காரணம், செய்த வேலை. ஒரே சோன் மூன்று முறை வந்தும் வேலை நடக்கவில்லை என்றால் கால அவகாசம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். ஆய்வுக்குப் போகிறவர் ஒரு டிடெக்டருக்குச் சோதனைப் புகை காட்டி, ஹூட்டர் கேட்கிறதா என்று தானே பார்க்கட்டும். பதிவேடு சுத்தமாக, ஒரு வரிகூட இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். முதலில் மாநகராட்சியின் சொந்தக் கட்டடங்களில் தொடங்கினால் மற்றவர்களிடம் கேட்கவும் முகம் இருக்கும்.

தக்கலை, குடும்பத் தலைவி: பக்கத்துத் தோப்பில் புகை வந்தது, 101 கூப்பிட்டேன். ஓலை எரித்தார்களாம். என் மேல் தப்பா?

பதில்: இல்லை அக்கா. தீ என்று நம்பிக் கூப்பிட்டது பொய் அழைப்பு ஆகாது, இனியும் தயங்காமல் கூப்பிடுங்கள். ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ, என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, இவ்வளவும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் முன் நீங்கள் போனை வைக்காதீர்கள். ஓலைதான் என்று பிறகு தெரிந்தால் மறுபடி அழைத்துச் சொல்லிவிடுங்கள், வண்டி பாதி வழியிலேயே திரும்பும்.