2-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஒருபக்க எல்லை: கேள்வி பதில்

கேள்வி: சார், (எக்ஸ் + 3)/(எக்ஸ் − 2) என்ற சார்புக்கு எக்ஸ் → 2⁻ எல்லை கேட்டார்கள். −2 போட்டு −1/4 என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள், ஏன்?

பதில்: தம்பி, அந்தக் கழித்தல் குறி எங்கே இருக்கிறது பாருங்கள். 2-க்கு முன்னால் இல்லை, தலைமாட்டில் இருக்கிறது. '2-ஐ இடப்பக்கமிருந்து, அதாவது 2-ஐவிடச் சிறிய எண்கள் வழியாக நெருங்கு, விடை எதை நோக்கிப் போகிறது என்று பார்' என்று அதற்கு அர்த்தம். 1.99 போடுங்கள்: தொகுதி 4.99, பகுதி −0.01, விடை −499. 1.999 போட்டால் −4999. பகுதி சுண்டச் சுண்ட விடை கீழே பாய்கிறது. இடப்பக்க எல்லை −∞. வலப்பக்கம் 2.01 போட்டால் 501 வரும், அங்கே +∞.

கேள்வி: அப்போ இடது என்றால் −∞, வலது என்றால் +∞ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்மா. விடைத்தாள்களில் நான் அதிகம் சுழிக்கிற தப்பே இதுதான். (எக்ஸ் − 5)/(எக்ஸ் − 2) எடுத்துக்கொள்ளுங்கள். 2.01-இல் தொகுதி −2.99, பகுதி 0.01, விடை −299. வலப்பக்கமே −∞ ஆகிவிட்டது! தொகுதிக்கு ஒரு குறி, பகுதியின் ஒவ்வொரு காரணிக்கும் ஒரு குறி என்று ஓரத்தில் எழுதி, அப்புறம் பெருக்குங்கள். அரை நிமிட வேலை.

கேள்வி: (எக்ஸ்² − 9)/(எக்ஸ்² − 5எக்ஸ் + 6)-இல் 3 போட்டால் 0/0 வருகிறது. இதுவும் முடிவிலிதானே?

பதில்: இல்லை. 0/0 வந்தால் காரணிப்படுத்து என்று அர்த்தம். மேலே (எக்ஸ் − 3)(எக்ஸ் + 3), கீழே (எக்ஸ் − 3)(எக்ஸ் − 2). அடித்தால் மிச்சம் (எக்ஸ் + 3)/(எக்ஸ் − 2). இரு பக்கமும் எல்லை 6. மிஞ்சியது யார் தெரிகிறதா? முதல் கேள்வியில் வந்த அதே ஆள்! ஆகவே 3-இல் வரைபடத்தில் ஒரு புள்ளி அளவு ஓட்டை மட்டும்தான். 2-இல்தான் நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு, அதாவது வரைபடம் தொடாமல் நெருங்கிக்கொண்டே போகும் செங்குத்துக் கோடு. ஒரே கணக்கில் இரண்டும் கிடைப்பதால் வகுப்பில் நான் விரும்பிப் போடும் கணக்கு இது.

கேள்வி: 1/(எக்ஸ் − 2)²-க்கு 2-இல் இரு பக்கமும் +∞. எல்லை உண்டா, இல்லையா?

பதில்: மெய்யெண்ணாக எல்லை இல்லை. ∞ என்பது 1655-இல் ஜான் வாலிஸ் கொண்டுவந்த குறியீடு, அது ஒரு மெய்யெண் அல்ல. இரு பக்கமும் வரம்பில்லாமல் மேலேறுவதைச் சொல்ல '+∞' என்று எழுதுகிறோம், அவ்வளவுதான். முதல் கணக்கில் இரு பக்கமும் வேறு வேறு திசையில் போவதால் அப்படிக்கூட எழுத முடியாது.