வாசகர் கேள்வி: எண்ணெய் நிலையத்து நீரும் வாசல் கால்வாயும்

சென்ற இதழில் நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றி எழுதிய குறிப்பைத் தொடர்ந்து கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரே கவலையைத் தெரிவித்ததால், ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள எண்ணெய் நிலையத்தில் மூன்று மாதங்களாக நிலத்தடித் தொட்டிகளை மாற்றுகிறார்கள். தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு தடித்த ரப்பர் குழாய், இரவு பகலாக எங்கள் கால்வாயில் நீரைக் கொட்டுகிறது. விசாரித்தால், "அக்கா, அது கிளீன் தண்ணிதான், டிரீட்மென்ட் எல்லாம் செஞ்சாச்சு" என்கிறார் மேற்பார்வையாளர். பார்ப்பதற்கும் தெளிவாகத்தான் இருக்கிறது. நம்பலாமா? (வாசகி, செந்தூல்)

பதில்: மேற்பார்வையாளர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் நீர் தெளிவாக இருப்பதை அதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. பெட்ரோலின் ஒரு பகுதி நீரின்மேல் படலமாக மிதக்கும்; அதை எவரும் கண்டுபிடித்துவிடலாம். மற்றொரு பகுதி நீரில் கரைந்துவிடும், அதற்கு நிறமில்லை. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்னும் நான்கும் அந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் புற்றுநோய்க் காரணி என உறுதிப்படுத்தப்பட்ட பென்சீன், தனியாக இருந்தால், ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1,800 மில்லிகிராம் வரை கரையும். குடிநீரில் அது 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்தாலே, கண்ணை நம்பி முடிவு செய்ய இயலாது என்பது புரியும்.

தொட்டியைத் தோண்டி எடுக்கும் குழியில் நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால், அதை இறைத்தால்தான் வேலை நடக்கும். அந்த நிலத்தில் முன்பு கசிவு இருந்திருந்தால், இறைக்கப்படும் நீரும் மாசுபட்டே வரும். முறையாகச் செய்பவர்கள் அதை முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும், பிறகு மண் படிவதற்கான தொட்டிக்கும் அனுப்பி, கடைசியாக 'ஆக்டிவேட்டட் கார்பன்' எனப்படும் கரி நிரப்பிய இரண்டு கலன்களின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துவார்கள். நான் வேலை பார்த்த காலத்தில், எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த இரண்டு கலன்களுக்கும் நடுவில் மாதிரி எடுக்க ஒரு சிறிய குழாய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். முதல் கலனின் கரி நிறைந்து மாசு தாண்டி வரத் தொடங்குவதை அந்தக் குழாய்தான் காட்டிக்கொடுக்கும். அப்போது இரண்டாவது கலன் காவலாக நிற்கும், முதல் கலனின் கரியை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் குழாய் இல்லாத இடத்தில், கரி எப்போது செயலிழந்தது என்பதே எவருக்கும் தெரியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நாட்டு நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுதி. காற்றுப் பட்டதும் அது செம்மஞ்சள் சேறாகத் திரண்டு கரியின் இடுக்குகளை அடைத்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால், புதிய கரியும் எதிர்பார்த்ததைவிட வெகு விரைவில் பயனற்றுப்போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய கழிவை உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதைத் தடை செய்கிறது. நீண்ட காலமாக 1 லட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம், 2024ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய 2009ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை 'ஏ', 'பி' என இரண்டு தரங்களை வகுக்கிறது. குடிநீருக்காக ஆற்று நீர் எடுக்கப்படும் இடத்துக்கு மேற்பகுதியில் விடப்படும் நீருக்கு 'ஏ' தரமும், மற்ற இடங்களுக்கு 'பி' தரமும் பொருந்தும். எண்ணெய், கொழுப்பின் அளவு 'ஏ' தரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், 'பி' தரத்தில் 10 மில்லிகிராம். செந்தூல் கால்வாய்களின் நீர் சுங்கை பத்து, சுங்கை கோம்பாக் ஆகிய ஆறுகளில் சேர்ந்து, மஸ்ஜிட் ஜாமேக் அருகே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. ஆகவே அங்கே 'பி' தரமே பேசப்படும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. ஒழுங்குமுறையின் பட்டியலில் ஈயம், பாதரசம், ஃபீனால், எண்ணெய்–கொழுப்பு எல்லாம் இருக்கின்றன. பென்சீன் தனியாக இல்லை. எண்ணெய்–கொழுப்புச் சோதனை அதையும் பிடித்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்தச் சோதனையில் நீரிலுள்ள எண்ணெயை ஒரு கரைப்பானில் இறக்கி, கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கி, மிஞ்சும் கசடை நிறுத்துப் பார்க்கிறார்கள். பென்சீனின் கொதிநிலை 80 டிகிரி. சூடாக்கும்போது கரைப்பானோடு அதுவும் பறந்துவிடும். மசகு எண்ணெய்க்கும் சமையல் எண்ணெய்க்கும் ஏற்ற சோதனை, பெட்ரோலின் மிக ஆபத்தான பகுதியைக் காணாமலே 'தேர்ச்சி' என்று எழுதிவிடக்கூடும். அமெரிக்காவில் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த பெட்ரோலைத் துப்புரவு செய்யும்போது வெளியேற்றும் நீருக்கென, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 1989இல் ஒரு மாதிரி அனுமதிப் பத்திரம் வெளியிட்டது. அதில் பென்சீனுக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றும், மேலே சொன்ன நான்குக்கும் சேர்த்து 100 மைக்ரோகிராம் என்றும் தனித்தனி வரம்புகள் உள்ளன. நம் சுற்றுச்சூழல் துறையும் 2009இல் வெளியிட்ட மாசுபட்ட நிலங்களுக்கான வழிகாட்டிகளில் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் இத்தகைய வேதிப்பொருள்களைத் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது. நிலத்துக்கு உள்ளே இருக்கும்போது பென்சீனைக் கணக்கில் எடுப்பவர்கள், அதே நீர் குழாய் வழியாக வெளியே வரும்போது ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே, நீங்கள் மேற்பார்வையாளரிடம் "சுத்தமா?" என்று கேட்காதீர்கள். கடைசியாக ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பிய தேதி எது, அறிக்கையில் பென்சீன் என்ற வரி இருக்கிறதா, கால்வாயில் விடுவதற்குக் கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல் இசைவு கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். முறையாக நடக்கும் தளத்தில் இவற்றுக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் எரிபொருள் கிடங்கு ஒன்று உள்ளது. பெருமழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்தில், அதன் சுவருக்கு வெளியே இருக்கும் கால்வாயில் வெள்ளம்போல் நீர் பாய்கிறது. மழைநீர்தானே என்று விட்டுவிடலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பெரிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி, தொட்டி உடைந்தாலும் எண்ணெய் வெளியே ஓடாதபடி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருப்பார்கள், வேலையாட்கள் அதைப் 'பண்ட்' என்பார்கள். எண்ணெயைத் தடுக்கும் அதே சுவர் மழையையும் தடுத்துத் தேக்கி வைக்கும். 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தடுப்புக்குள் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் 80,000 லிட்டர் சேர்ந்துவிடும். நம் ஊரில் அது ஒரு பிற்பகல் மழைதான். அந்த நீரை வெளியேற்றாவிட்டால் தடுப்பின் கொள்ளளவு குறைந்து, விபத்து நேரும்போது அது இருந்தும் பயனில்லை. எனவே வடிகால் வால்வைத் திறப்பதில் தவறில்லை; எப்படித் திறக்கிறார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

வால்வு எப்போதும் மூடிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மழை நின்றபின் ஓர் ஆள் இறங்கி, நீரின்மேல் படலம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குத் திருப்பி, இல்லாவிட்டால் மட்டும் வெளியே விட்டு, திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரவு ஷிப்டில், குடை பிடித்துக்கொண்டு இறங்கச் சோம்பல்பட்டு, வால்வை மழைக்கு முன்பே திறந்து வைத்துவிடும் பழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். அன்றைய இரவில் தொட்டி கசிந்தால், தடுப்புச் சுவர் கட்டியதே வீண்.

மழைநீரைக் கையாளுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. தரையில் சிந்திய எண்ணெயையும் தூசியையும் முதலில் பெய்யும் மழையே கழுவிக்கொண்டு போகும். பிறகு வருவது பெரும்பாலும் நல்ல நீர். நீர்ப்பாசன, வடிகால் துறையின் 'மாஸ்மா' எனப்படும் நகர மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, நீரின் தரத்தைக் காப்பதற்கு 40 மில்லிமீட்டர் மழையைக் கணக்கில் எடுத்துத் திட்டமிடச் சொல்வது இதற்காகத்தான். லோரிகளில் எண்ணெய் ஏற்றும் இடத்துக்குக் கூரை போட்டு, கூரை நீரைத் தனிக் கால்வாயில் அனுப்பிவிட்டால், பிரிப்புத் தொட்டிக்கு வரும் சுமை பாதிக்குமேல் குறையக்கூடும். எந்த இயந்திரத்தையும்விட ஒரு தகரக் கூரை செய்யும் வேலை பெரிது என்பது என் அனுபவம்.

சில இடங்களில், சுத்திகரித்த நிலத்தடி நீரையும் இந்த மழைநீரையும் ஒரே குழாயில் சேர்த்து வெளியேற்றுகிறார்கள். சேர்ந்தபின் எடுக்கும் மாதிரியில் எல்லா எண்களும் அழகாகவே இருக்கும், ஏனென்றால் மழை கலந்து மாசை நீர்த்துப்போகச் செய்திருக்கும். கழிவுநீரில் வேறு நீரைக் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதை 2009ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தடை செய்கிறது. இரண்டும் சேரும் இடத்துக்கு முன்பே, தனித்தனியாக மாதிரி எடுக்கிறார்களா என்பதைத்தான் அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆற்றில் கொஞ்சம் டீசல் கலந்தால் கோலாலம்பூர் முழுவதும் ஏன் தண்ணீர் வெட்டு? (வாசகர், கெப்போங்)

பதில்: 2019 ஜூலையில், ஒரு மணல் தோண்டும் இடத்திலிருந்து வந்த டீசலால் சிலாங்கூர் ஆற்றைச் சார்ந்த சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. 2020 செப்டம்பரில், ராவாங்கின் சுங்கை கோங்கில் மாசு கலந்ததால் நான்கு நிலையங்கள் மூடப்பட்டு, 1,292 பகுதிகளில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அந்த நிலையங்கள் படிகாரம் போட்டு, மண்ணைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்ப்பவை. கரைந்துபோன எரிபொருளின் வாடையை நீக்க அந்த முறை போதாது. வாடையுள்ள நீரை உள்ளே இழுத்துவிட்டால் வடிகட்டி, நீர்த்தேக்கத் தொட்டி, குழாய் அனைத்தையும் கழுவியாக வேண்டும். அதனால் வாடை தெரிந்த உடனேயே நிறுத்திவிடுகிறார்கள். மேற்பகுதிக்கான 'ஏ' தரம் எண்ணெய் அளவில் பத்து மடங்கு கடுமையாக இருப்பதன் காரணமும் இதுவே.

கேள்வி: ஐயா, நான் பினாங்கில் ஒரு சிறிய எண்ணெய் நிலையத்தை நடத்தி வருகிறேன். தினமும் சவர்க்காரத் தூள் போட்டுத் தரையைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கிறோம். ஆயினும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைத் தாண்டிக் கால்வாயில் படலம் தெரிவதாகப் புகார் வருகிறது. (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: நீங்கள் தினமும் கழுவுவதே காரணமாக இருக்கலாம். பிரிப்புத் தொட்டி, எண்ணெய்த் துளிகள் தாமாக மிதந்து மேலே வருவதை நம்பி வேலை செய்கிறது. துளியின் விட்டம் பாதியானால், அது மிதந்து எழும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். சவர்க்காரம் எண்ணெயைப் பொடித்துளிகளாக உடைப்பதால், அவை மேலே வருவதற்குள் நீரோடு வெளியேறிவிடுகின்றன. சிந்திய இடத்தில் மணலையோ உறிஞ்சும் துணியையோ போட்டுத் துடைத்தெடுங்கள். ஈரம்படாமல் துடைப்பதே முறை. துடைத்த துணியையும், தொட்டியிலிருந்து அள்ளும் எண்ணெய்ச் சேற்றையும் சாதாரணக் குப்பை லோரியில் ஏற்றக்கூடாது. இவை 2005ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் பட்டியலிடப்பட்ட கழிவுகள். பட்டியலில் சேற்றின் குறியீடு 'எஸ்டபிள்யூ 311', துணியின் குறியீடு 'எஸ்டபிள்யூ 410'. பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்து, 180 நாள்களுக்குள் அல்லது 20 டன் சேர்வதற்குள், உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தாமான் கால்வாயில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. அது எண்ணெய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மாணவி, பிறை)

பதில்: ஒரு குச்சியால் படலத்தைக் குத்திப் பாருங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லுகள்போல் பிளந்து, பிளந்தபடியே நின்றால், அது பெரும்பாலும் இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிரிகளின் வேலை; பக்கத்தில் செம்மஞ்சள் வண்டலும் காணப்படும். பிளவு உடனே மூடிக்கொண்டு, நிறங்கள் சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால், அது எண்ணெய். குனிந்து முகராதீர்கள்; வாடை இருந்தால் நின்ற இடத்திலேயே தெரியும். நேரத்தைக் குறித்து, படம் எடுத்து, கால்வாயின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மேல்நோக்கிச் சிறிது தூரம் நடந்து பார்த்துவிட்டு, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணுக்குத் தெரிவியுங்கள். அடுத்த மழைக்கு முன் அழைத்துவிடுவது நல்லது. மழை பெய்துவிட்டால் அவர்கள் வந்து பார்க்கும்போது கால்வாயில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.