மகள் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள்: கையெழுத்திடும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தஞ்சாவூரில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே கர்நாடக இசை கற்று வருகிறாள். தனியார் தொலைக்காட்சி ஒன்றின் சிறுவர் பாட்டுப் போட்டிக்கான குரல் தேர்வில் அவள் தேர்வாகியிருக்கிறாள். படப்பிடிப்பு சென்னையில் சில மாதங்கள் நடக்குமாம். தயாரிப்பு நிறுவனம் பல பக்கங்கள் கொண்ட ஆங்கில ஒப்பந்தத்தை அனுப்பி, இரண்டு நாள்களில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் பள்ளிப் படிப்பு, பணம், பாதுகாப்பு ஆகியவை குறித்துக் கவலையாக இருக்கிறது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் வாய்ப்பு கைநழுவிப் போகும் என்று தெரியவில்லை.

பதில்: நீங்கள் கேட்கத் தயங்கும் பெரும்பாலானவை, நிறுவனம் உங்களுக்குச் செய்யும் சலுகைகள் அல்ல, சட்டம் அந்த நிறுவனத்தின் மீது ஏற்கெனவே சுமத்தியிருக்கும் கடமைகள். எனவே தயங்காமல் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள். நிகழ்ச்சி தொடங்கி, முன்னோட்டம் ஒளிபரப்பாகி, ஊரும் உறவும் வாழ்த்தத் தொடங்கிய பிறகு எந்தப் பெற்றோருக்கும் பேரம் பேசும் வலிமை இருப்பதில்லை. அந்த வலிமை உங்களிடம் இருப்பது இந்தச் சில நாள்களில்தான். இரண்டு நாள் கெடு என்பது நிறுவனத்தின் வசதிக்காக வைக்கப்பட்டது. ஒரு வாரம் அவகாசம் கேட்பது எவ்விதத்திலும் தவறாகாது.

முதலில் சட்டத்தின் அடிப்படை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறைவடையாத குழந்தைகளை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்ற பொதுத் தடை வந்தது. அந்தத் தடைக்கு அளிக்கப்பட்ட சில விலக்குகளுள் ஒன்றுதான் திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பது. அந்த விலக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. குழந்தையின் பள்ளிக் கல்வி பாதிக்கப்படக் கூடாது என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட நிபந்தனை. மற்ற நிபந்தனைகள் 2017இல் விதிகளாக வந்தன. போட்டி என்பது வேலை அல்லவே என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் ரியாலிட்டி ஷோ, வினாடி வினா, திறமைப் போட்டி ஆகிய மூன்றையும் அந்த விதிகள் பெயர் சொல்லியே உள்ளடக்கியிருக்கின்றன.

அந்த விதிகளின்படி, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம், அதாவது மாவட்ட நடுவர் என்ற பொறுப்பையும் வகிப்பவரிடம், முன் அனுமதி பெற்ற பிறகே தயாரிப்பாளர் குழந்தையைப் பங்கேற்கச் செய்ய முடியும். அதற்காக ‘படிவம் சி’ என்ற உறுதிமொழிப் படிவத்தை, பங்கேற்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் ஒப்புதல், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் நபரின் பெயர் ஆகியவற்றோடு அளிக்க வேண்டும். இந்த உறுதிமொழி ஆறு மாதங்களுக்கே செல்லும் என்பதால், நிகழ்ச்சி அதற்கு மேல் நீண்டால் புதிதாக அளிக்க வேண்டும். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய மாவட்டங்களின் எல்லைகள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பதால், படப்பிடிப்புத் தளம் உண்மையில் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகம் சென்னையில் இருப்பது இதற்குப் போதாது. நீங்கள் கேட்க வேண்டிய முதல் ஆவணம் இந்த அனுமதியின் நகல். முறையாக நடத்தும் நிறுவனம் இதைக் கேட்டவுடன் காட்டும். அனுமதி பற்றிய பேச்சையே தட்டிக்கழிக்கும் நிறுவனம், மற்ற விதிகளை மட்டும் கடைப்பிடிக்கும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அடுத்தது நேரம். ஒரு குழந்தை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் கூடவே கூடாது. காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. செட்டில் நிலைமை வேறு. செலவைக் குறைப்பதற்காக ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட எபிசோடுகளைப் படமாக்குவது இத்துறையில் வழக்கம். காலையில் ஒப்பனை, பிறகு ஒலிச் சோதனை, பிறகு நடுவர்களின் வருகைக்காகக் காத்திருப்பு, பிறகு பாட்டு, பிறகு மற்றவர்கள் பாடும்போது கைதட்டும் காட்சிகள் என்று குழந்தையின் நாள் இரவு வரை நீளும். கேமரா ஓடிய நேரத்தை மட்டும் கணக்கிட்டால் அது இரண்டு மணி நேரமாகத் தெரியும். விதியின் நோக்கம் குழந்தையின் உடலையும் மனத்தையும் காப்பதுதான் என்பதால், தளத்துக்கு வரச் சொன்ன நேரத்திலிருந்து அனுப்பிவைக்கும் நேரம் வரை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ‘அழைப்பு நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம்’ என்ற சொற்களை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதை முழுமையாக ஏற்காவிட்டாலும், இரவு எத்தனை மணிக்குள் குழந்தையை அனுப்பிவிட வேண்டும் என்ற வரம்பையாவது எழுதி வாங்குங்கள். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்பதும் விதி. அவர் யார், அவர் அலைபேசி எண் என்ன என்பது முதல் நாளே உங்களிடம் இருக்க வேண்டும். அவர் இருப்பதனால் நீங்களோ உங்கள் கணவரோ தளத்தில் இல்லாமல் இருக்கலாம் என்று பொருளல்ல. பெற்றோரில் ஒருவர் எப்போதும் குழந்தையைப் பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். பெற்றோர் மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். 18 வயது நிறைவடையாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. 1903இல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் உறுதிசெய்த இந்த நிலைப்பாடு இன்றும் மாறவில்லை. இது குழந்தைக்குப் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் 1949ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ராஜ் ராணி வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சிறுமி ஒருத்தியைத் திரைப்படத்தில் நடிக்க வைக்க, அவள் சார்பில் தந்தை தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் செய்தார். தயாரிப்பாளர் வாய்ப்பும் தரவில்லை, பேசிய பணமும் தரவில்லை. வழக்கு தொடுத்தபோது, ஒப்பந்தம் சிறுமியுடையது என்றால் அவள் வயதுக்கு வராதவள் என்பதால் செல்லாது; தந்தையுடையது என்றால் அதற்கு மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாக மறுதரப்பு தருவது, இல்லை என்பதால் செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆக, உங்கள் மகளுக்கு அளிக்கப்படும் ஊதியம், பரிசு, தங்குமிடம் ஆகிய வாக்குறுதிகள் அவள் பெயரில் மட்டும் இருந்தால் பின்னாளில் அவற்றை வலியுறுத்துவது கடினம். நீங்கள் தரப்பினராக இருந்து, நீங்கள் செய்ய ஒப்புக்கொள்பவற்றுக்கு ஈடாக நிறுவனம் உங்களுக்கு இவற்றை உறுதியளிக்கிறது என்று வாசகம் அமைய வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழித்து இந்தப் பகுதியை மட்டுமாவது சரிசெய்துகொள்வது நல்லது.

அதே வேளையில், நீங்கள் தனிப்பட்ட முறையில் கையெழுத்திடும் இடங்களைக் கூர்ந்து படியுங்கள். பாதியில் விலகினால் இவ்வளவு இலட்சம் இழப்பீடு என்ற பிரிவு குழந்தையைக் கட்டுப்படுத்தாது, உங்களைக் கட்டுப்படுத்தலாம். ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும் என்றாலும், வழக்கின் அலைச்சல் உங்களுடையது. உடல்நலம், தேர்வு, குழந்தையின் விருப்பமின்மை ஆகிய காரணங்களால் விலகினால் எந்த இழப்பீடும் இல்லை என்று சேர்க்கச் சொல்லுங்கள். இதில் கடைசிக் காரணத்துக்குச் சட்டத்தின் துணையே இருக்கிறது: குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக அவளைப் பங்கேற்கச் செய்யக் கூடாது என்று விதிகள் நேரடியாகக் கூறுகின்றன. அந்த விதி தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, வீட்டிலிருப்பவர்களுக்கும் நினைவில் இருக்க வேண்டும்.

வேறு சேனலில் பாடக் கூடாது, மேடைக் கச்சேரி ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாடு நிகழ்ச்சி நடக்கும் காலத்துக்கு இருந்தால் அதில் நியாயம் உண்டு. நிகழ்ச்சி முடிந்தும் சில ஆண்டுகள் நீடிக்கும் என்றிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் முன்னாள் மேலாண்மை நிறுவனத்துக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்ற பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. பாடிய காணொளிகளை நிறுவனம் யூடியூபிலும் பிற தளங்களிலும் நீண்ட காலம் வெளியிடும்; இதைத் தடுப்பது நடைமுறையில் இயலாது. ஆனால் ஒளிபரப்பாத காட்சிகள், குறிப்பாகக் குழந்தை அழுத, தடுமாறிய காட்சிகள், உங்கள் ஒப்புதலின்றி வெளியாகக் கூடாது என்று கேட்கலாம்.

பணம் பற்றி. குழந்தை ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தயாரிப்பாளரே தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகச் செலுத்த வேண்டும். வயது வந்த பிறகு அது அவளுக்குச் சேரும். உங்களிடம் முழுத் தொகையையும் கொடுத்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பது விதியின் படி சரியல்ல. மகளுக்கு வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண் (பான்) வாங்கிவிடுங்கள். தன் திறமையால் குழந்தை ஈட்டும் வருமானம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படுவதில்லை. அவள் பெயரிலேயே கணக்கிடப்படும். அந்த வைப்பின் வட்டியோ, பெற்றோரில் கூடுதல் வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும். பல போட்டிகளில் பங்கேற்புக்கு ஊதியமே கிடையாது, பயணச் செலவும் தங்குமிடமும் மட்டுமே என்பதால், ஊதியம் உண்டா இல்லையா என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள்.

பரிசு விஷயத்தில் குடும்பங்கள் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாவதுண்டு. தொலைக்காட்சிப் போட்டிப் பரிசுகளுக்கு 30 சதவீதம் வரி பிடிக்கப்படும்; அந்த வரியின் மீதான கூடுதல் வரியான செஸ்ஸையும் சேர்த்தால் 31.2 சதவீதம். பரிசு பொருளாக இருந்தால், வரி செலுத்தப்பட்டதை உறுதிசெய்த பிறகே அதை ஒப்படைக்க வேண்டும். 50 இலட்சம் மதிப்புள்ள வீடு பரிசு என்று மேடையில் அறிவித்தால், அதற்கான வரி மட்டும் 15 இலட்சத்துக்கு மேல். இதை யார் கட்டுவது, நிறுவனமா, விளம்பரதாரரா, நீங்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை, தலைமை ஆசிரியருக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். தவறவிடும் பாடங்களுக்குத் தயாரிப்பாளர் செய்யும் ஏற்பாட்டை எழுத்தில் பெற்று, அதன் நகலையும் இணையுங்கள்.

நிகழ்ச்சியின் உள்ளடக்கம் பற்றி ஒப்பந்தங்கள் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகளை ஆழமாகக் காயப்படுத்துவதோ அதுதான். 2019 ஜூனில், குழந்தைகளின் நடன நிகழ்ச்சிகளில் வயதுக்குப் பொருந்தாத அசைவுகளைக் காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. 2022 ஜனவரியில், ஜீ தமிழின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் வந்த அரசியல் நையாண்டிக்காக அதே அமைச்சகம் சேனலிடம் விளக்கம் கேட்டது. அந்த நையாண்டி சரியா தவறா என்பது வேறு விவாதம். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசிய சிறுவர்கள் நாடு தழுவிய சர்ச்சையின் நடுவில் நின்றார்கள். பாட்டுப் போட்டியில் இதன் வடிவம் வேறு. குடும்பத்தின் கடன், தந்தையின் நோய், வீட்டின் ஓட்டைக் கூரை ஆகியவற்றை உருக்கமான இசையோடு காட்டி டிஆர்பி தேடுவது வாடிக்கையாகிவிட்டது. உங்கள் மகள் நாளை அதே பள்ளிக்குத் திரும்பிச் செல்ல வேண்டியவள். குடும்பம் பற்றிய காட்சிகள் எதுவும் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி ஒளிபரப்பாகாது என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவுக் கட்டணம், ஆடைக் கட்டணம், ‘அடுத்த சுற்றுக்கு உறுதி’ என்ற பெயரில் எந்தக் கோ-ஆர்டினேட்டராவது பணம் கேட்டால் கொடுக்காமல், சேனலின் அலுவலகத்துக்கே நேரடியாகத் தெரிவியுங்கள்.

மேலே சொன்ன நேர வரம்பும் 20 சதவீத வைப்பும் 14 வயது நிறைவடையாதவர்களுக்கானவை. உங்கள் மகள் இந்தப் போட்டிக்குப் பிறகும் தொலைக்காட்சியில் தொடர்ந்தால், இன்னும் மூன்று ஆண்டுகளில் இந்தப் பாதுகாப்புகள் விதியின் வழியே கிடைக்காது. அப்போது அவற்றை ஒப்பந்தத்தின் வழியேதான் பெற வேண்டியிருக்கும்.

விதிமீறல் நடந்தால் தயாரிப்பாளருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வணிக நோக்கில் அதை அனுமதித்த பெற்றோரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. எனவே தளத்தில் நேரம் மீறப்பட்டால் அன்றைக்கே பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிவிடுங்கள். தீர்வு இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும், மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ‘பென்சில்’ இணையதளத்துக்கும் புகார் அளிக்கலாம்.