கிரீஸின் கியோஸ் தீவில் அப்படி என்ன விசேஷம்?

சுருக்கமாகச் சொன்னால், பிசின். துருக்கிக் கரைக்கு மிக அருகே, ஏஜியன் கடலில் இருக்கும் இந்தத் தீவின் வரலாறே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

வடக்கே வறண்ட பாறை மலைகள். தெற்கே தாழ்வான குன்றுகளில் மாஸ்டிக் மரங்கள். பிஸ்தா மரத்துக்கு நெருங்கிய உறவு இது. கோடையில் மரத்தடியைச் சுத்தம் செய்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி தூவி, பட்டையில் சின்னச் சின்னக் கீறல் போடுவார்கள். சொட்டுகிற பிசின் அந்தப் பொடியின்மேல் விழுந்து இறுகும். அப்புறம் அதைப் பொறுக்கி, உட்கார்ந்து கையாலேயே சுத்தம் செய்ய வேண்டும். மெல்லவும், இனிப்பிலும் மதுவிலும் சேர்க்கவும் பயன்படுகிறது.

1346 முதல் 1566 வரை ஆண்ட இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் இந்தப் பிசின் வருமானத்தைக் காக்கவே தெற்குக் கிராமங்களைக் கோட்டை போலக் கட்டினார்கள். மெஸ்தாவில் வெளி வரிசை வீடுகளின் பின்சுவர்தான் மதில்! பிர்கியில் வீட்டு முகப்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோலங்கள்; என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய ஊர் அதுதான்.

பிறகு ஆட்டோமான் துருக்கியரின் ஆட்சி. 1822இல் அவர்களை எதிர்த்த கிரேக்க விடுதலைப் போரின்போது தீவில் அவர்கள் படையால் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஓவியர் தெலாக்ருவா இதை வரைந்த பெரிய ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீவு கிரீஸோடு இணைந்தது 1912இல்.

நேரமிருந்தால் மலைமேல் உள்ள நியா மோனி மடத்தையும் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டு மொசைக்குகள் (வண்ணச் சில்லுகள் பதித்த படங்கள்) தங்கப் பின்னணியில் இன்னும் மின்னுகின்றன. 1881 நிலநடுக்கத்தில் அதன் குவிமாடம் விழுந்ததால் இப்போதிருப்பது திரும்பக் கட்டியது.