பட்டைப் பொடி குடித்தால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 60 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளையும், இரவில் கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் 10-ம் சாப்பிட்டு வந்தேன். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, இரண்டு மாதமாகக் காலையில் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடியும் ஒரு டீஸ்பூன் தேனும் கலந்து குடிக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 168-லிருந்து 149-க்கு வந்திருக்கிறது. அதனால் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிட்டேன். சரிதானே டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரையை விட்டது சரியில்லை அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் குறைக்கும் என்ற பெயர் பட்டைக்கு வந்தது 2003-ல். பாகிஸ்தானில் 60 சர்க்கரை நோயாளிகளுக்கு 40 நாள் பட்டை கொடுத்துப் பார்த்ததில், சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் நன்றாகவே இறங்கின. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்தக் கதைதான். அப்புறம் நடந்ததை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. 2013-ல் பத்து ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 24 புள்ளி குறைந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 9 புள்ளிதான் இறங்கியது. நீங்கள் விட்ட மாத்திரையோ அதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும். 150 இருந்தால் 100 பக்கம் வந்துவிடும். மாரடைப்பைத் தடுக்கும் என்று நிரூபணமானதும் மாத்திரைதான், பட்டை இல்லை. உங்கள் 149-கூட முந்தின நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறக்கூடிய எண்.

இன்னொன்று. டப்பாவில் இருக்கும் பட்டையை எடுத்துப் பாருங்கள். தடித்த, கடினமான ஒற்றை மரப்பட்டையாக இருந்தால் அது காசியா. மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகளாகச் சுருட்டு மாதிரி சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்கினால் இலங்கைச் சுருள் பட்டை. பொடியாக வாங்கினால் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காசியாவில் கூமரின் என்ற பொருள் உண்டு; அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உங்கள் எடைக்கு நாள் ஒன்றுக்கு 6 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பியக் கணக்கு. ஒரு டீஸ்பூன் காசியா பொடியில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். சுருள் பட்டையில் கூமரின் மிகக் குறைவு.

தேனைப் பற்றிக் கேட்கவே இல்லையே! ஒரு டீஸ்பூன் தேனில் கிட்டத்தட்ட 6 கிராம் சர்க்கரை. சர்க்கரையைக் குறைக்கக் குடிக்கும் தண்ணீரில் அது எதற்கு?

குருமாவிலும் பிரியாணியிலும் போடும் பட்டைக்கு ஒரு தடையும் இல்லை. தினசரி ஸ்பூனை மட்டும் நிறுத்துங்கள். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, மாத்திரையை விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் இரண்டோடு கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.